பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட சின்ன மருதுவின் மகன்



மருது பாண்டியர் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. பெரிய மருது, சின்ன மருது, சிவகங்கைச் சீமை, வளரி என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். 'சிவகங்கைச் சீமை' படத்தைத் தாத்தா பாட்டி காலத்திலிருந்து பார்த்து வருகிறோம். ஆனா அந்தக் குடும்பத்துக் கதையில் ஒரு பகுதி நம்ம பினாங்கில்தான் நடந்ததுன்னு சொன்னா, நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் பலர் நம்ப மாட்டேங்கிறாங்க. அதனால்தான் இந்த மாதம் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவர் ஒரு கைதியாக இந்தத் தீவுக்கு வந்தவர். குற்றம், தண்டனை, நீதி என்ற மூன்றையும் பற்றி யோசிக்க அவருடைய வாழ்க்கையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சிறுவயலில் ஒரு வீடு

சின்ன மருது சிவகங்கைச் சீமையின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர். அவர் வாழ்ந்த ஊர் சிறுவயல். காளையார்கோவில் கோபுரம், குன்றக்குடித் திருப்பணி என்று மருது சகோதரர்கள் கோவில்களுக்குச் செய்தது நிறைய. சருகணி தேவாலயத்துக்கும் கொடுத்தார்கள். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவன் என் குடிமகன் என்பதே அவர்கள் கொள்கை.

அந்தக் காலத்தில் மதுரையில் இருந்த கம்பெனிப் படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி இருந்தார். 1795 வாக்கில் அவருக்குச் சின்ன மருதுவோடு பழக்கம் ஏற்பட்டது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். அவருடைய வீட்டு வாசலில் காவலே இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்பதைப் பார்த்து வெல்ஷ் வியந்துபோனார். பின்னாளில், 1830-இல் லண்டனில் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில் இதையெல்லாம் எழுதி வைத்தார். துரைச்சாமி வளர்ந்த வீடு அது. ஊரே வந்து போகும் வீட்டில் செல்லமாக வளர்ந்த கடைக்குட்டிப் பிள்ளை.

1801

1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை அந்தச் சிறையிலிருந்து தப்பி, மீண்டும் போரிட்டு, கடைசியில் மருது சகோதரர்களிடம் வந்து சேர்ந்தார். வந்தவரைக் காட்டிக்கொடுத்திருந்தால் மருது குடும்பம் பிழைத்திருக்கும். அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடவில்லை. போர் வந்தது.

அதே 1801 ஜூன் 16-ஆம் நாள் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் சின்ன மருது பெயரில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. பிராமணர் முதல் உழைக்கும் மக்கள் வரை, முஸ்லிம்கள் உட்பட, எல்லாரும் ஒன்றுசேர்ந்து கம்பெனி ஆட்சியை எதிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சாதி பார்த்துக் கூட்டம் சேர்க்காமல் நாடு முழுமைக்கும் விடுத்த அழைப்பு. தம்பிங்களா, இதை மனசில வச்சுக்குங்க. பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

கர்னல் அக்னியூ தலைமையில் கம்பெனிப் படை மாதக்கணக்கில் காடு வெட்டிப் பாதை போட்டு முன்னேறியது. அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள், உறவினர், படைத்தலைவர்கள் என்று பலருக்கும் அதே முடிவு. நவம்பரில் ஊமைத்துரையும் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். டிசம்பரில் சென்னை ஆளுநர், மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று ஆணை போட்டார்.

இவ்வளவு பேரில் உயிரோடு விடப்பட்டவர் துரைச்சாமி. அப்போது அவருக்குச் சுமார் 15 வயது. இன்றைக்கு அந்த வயதுப் பையன் படிவம் மூன்றில் உட்கார்ந்திருப்பான்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல்

தூக்கிலிடாமல் விட்டவர்களை என்ன செய்வது? ஊரில் விட்டால் மறுபடி ஆள் சேர்ந்துவிடும் என்று கம்பெனி பயந்தது. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பலில் ஏற்றியது. கப்பல் போக வேண்டிய இடம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. அதாவது நம்ம பினாங்கு.

கப்பல் ஏறுவதற்கு முன் இந்தக் கைதிகளைத் தூத்துக்குடியில் காவல் காத்தவர் யார் தெரியுமா? அதே ஜேம்ஸ் வெல்ஷ். தனக்கு ஈட்டி எறியக் கற்றுத்தந்தவருடைய மகன், காலில் விலங்கோடு தன் காவலில் நிற்கிறான். விலங்கின் கனத்தைக் கொஞ்சம் குறைக்கவும், கொஞ்சம் மரியாதையாக நடத்தவும் மட்டுமே வெல்ஷால் முடிந்தது.

கடல் தாண்டுவது என்பது அன்றைய மக்களுக்கு இன்று நாம் விமானம் ஏறுவது போல இல்லை. உறவு அறுந்து, சடங்கு அறுந்து, ஊரில் பெயரே அழிந்துபோகும் தண்டனை அது. தூக்குக்கு அடுத்தபடியாக மக்கள் அஞ்சியது இதற்குத்தான். கம்பெனிக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த அச்சமே தண்டனையின் பாதி.

கைதிகள் கட்டிய தீவு

பிரான்சிஸ் லைட் 1786-இல் கம்பெனிக்காகப் பினாங்கைக் கைப்பற்றினார் என்று பள்ளியில் படிக்கிறோம். அவருக்குப் பின்னால் வந்த கைதிகளைப் பற்றி அவ்வளவாகப் படிப்பதில்லை. 1796-இல் அந்தமான் குடியேற்றத்தைக் கம்பெனி கைவிட்டபோது அங்கிருந்த சுமார் 700 கைதிகளை இங்கே கொண்டுவந்தது. அதன் பிறகு வங்காளம், சென்னை, பம்பாய் என்று எல்லாப் பக்கமிருந்தும் கப்பல் கப்பலாகக் கைதிகள் வந்தார்கள். காடு வெட்டினார்கள், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் தோண்டினார்கள், செங்கல் சுட்டார்கள், சாலை போட்டார்கள். எஸ்பிளனேட் பக்கம் நாம் படம் பிடித்துக்கொள்ளும் கார்ன்வாலிஸ் கோட்டையின் செங்கல் சுவரும் கைதிகளின் உழைப்பில் எழுந்ததுதான்.

பலருடைய நெற்றியில் செய்த குற்றத்தைப் பச்சை குத்தியிருந்தார்கள். தண்டனைக் காலம் முடிந்தாலும் முகம் கைதி முகமாகவே இருக்கும். அந்த வழக்கத்தை 1849-இல்தான் நிறுத்தினார்கள். பிறகு 1873-இல் நீரிணைக் குடியேற்றங்களின் கைதி முகாம்களும் மூடப்பட்டன. விடுதலையானவர்களில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே குடும்பமாகித் தங்கிவிட்டார்கள்.

இன்னொரு செய்தியும் இருக்கு. இந்தக் கைதிகளுக்குக் காவலாக அவர்களிலேயே நல்லபடி நடந்தவர்களை வைக்கும் முறை இங்கே வளர்ந்தது. 1827-இல் பினாங்கு விதிகள் என்று எழுதி, நடத்தையைப் பார்த்துக் கைதிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, படிப்படியாகச் சுதந்திரம் கொடுத்தார்கள். பின்னாளில் சிங்கப்பூரிலும் இதே வழி பெயர் பெற்றது. நம்பிக்கை வைத்தால் மனிதன் மாறுவான் என்பதற்கு இந்தத் தீவே அந்தக் காலத்தில் சாட்சியாக இருந்தது. ஆனா அந்த நம்பிக்கை உழைப்பை மலிவாக வாங்கவும் பயன்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது.

1818

கப்பல் ஏறி 16 ஆண்டுகள் கழிந்தன. வெல்ஷ் ஏதோ காரியமாகப் பினாங்கு வந்திருந்தார். ஒரு நாள் அவர் இருந்த இடத்துக்கு ஒரு மனிதர் கைகூப்பிக்கொண்டு வந்தார். உடல் தளர்ந்து, முகம் வற்றி, பார்த்தால் கிழவர். வெல்ஷுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. பெயர் கேட்டார். துரைச்சாமி என்று பதில் வந்தது. அந்தப் பெயர் நெஞ்சில் கத்தி பாய்ந்தது போல இருந்ததாக வெல்ஷ் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தக் 'கிழவருக்கு' அப்போது முப்பது வயதுதான் கடந்திருக்கும்.

துரைச்சாமி கேட்டது விடுதலையும் இல்லை, பணமும் இல்லை. ஊரில் மிச்சமிருக்கும் உறவுகளுக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெல்ஷ் மனம் கலங்கினார். ஆனாலும் தன் கடமை அதற்கு இடம் தராது என்று மறுத்துவிட்டார். வெல்ஷின் புத்தகத்தில் துரைச்சாமியை நாம் கடைசியாகப் பார்ப்பது அங்கேதான்.

நான் வெல்ஷைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தன்னுடைய வெட்கத்தை மறைக்காமல் எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் நமக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது. ஆனா இரக்கம் உள்ள ஒரு மனிதன்கூட, சட்டம் என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு கடிதத்தை மறுக்க முடிகிறது. எனக்கு இந்தக் கதையில் அதிகம் வலிப்பது தூக்குமேடை இல்லை, அந்தக் கடிதம்தான்.

குற்றவாளி என்று பெயர் வைப்பது யார்?

துரைச்சாமி செய்த குற்றம் என்ன? சின்ன மருதுவுக்கு மகனாகப் பிறந்தது. அவ்வளவுதான். ஆனா கம்பெனிக் கணக்கில் அவர் கலகக்காரர், நாடு கடத்தப்பட்ட கைதி.

குற்றத்தையும் சமுதாயத்தையும் ஆராயும் அறிஞர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963-இல் எழுதிய நூல் இதில் பெயர் பெற்றது. ஒரு செயல் மட்டும் ஒருவனைக் குற்றவாளி ஆக்குவதில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் விதி எழுதி, அந்த முத்திரையை யார்மேல் குத்துகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் அவனைக் குற்றவாளி ஆக்குகிறது. முத்திரை விழுந்தபின் அவனுக்கு வேலை கிடைக்காது, நல்ல நட்பு கிடைக்காது. கடைசியில் முத்திரை சொன்ன ஆளாகவே மாறிவிடுகிறான். இதுதான் அந்த ஆராய்ச்சியின் சுருக்கம்.

வெள்ளையர் ஆட்சியில் இதற்குப் பெரிய சான்று குற்றப்பரம்பரைச் சட்டம். 1871-இல் வட இந்தியாவில் வந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கள்ளர், மறவர் உள்ளிட்ட சமூகத்தினர் பிறப்பிலேயே குற்றவாளிகளாகப் பதியப்பட்டு, ரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைக்கப்பட்டார்கள். மருதுவின் படையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் அடக்கம். 1920-இல் மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தந்தையின் பெயரால் மகனைத் தண்டித்த அதே நியாயம், நூறாண்டு கழித்து முழுச் சமூகத்தின் மேலும் பாய்ந்தது.

நம்ம வீட்டுப் பக்கம்

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. அவற்றின் உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்ற கணக்கையும் வெளியிட்டது. நாட்டு மக்களில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். இந்தக் கணக்கைப் பார்த்துத் தலைகுனிந்து உட்காருவதும் தவறு, அது பொய் என்று தட்டிக் கழிப்பதும் தவறு.

தோட்டத் துண்டாடலில் வீடு, கோவில், தமிழ்ப்பள்ளி மூன்றையும் ஒரே நாளில் இழந்து பட்டணத்து ஓரத்துக்கு வந்த குடும்பங்கள் எத்தனை! அந்தக் கதையைச் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் கணக்கை மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான்.

அதே நேரத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். சட்டையில் மருது படம் போட்டுக்கொண்டு, சொந்த இனத்துப் பிள்ளையையே பாராங் எடுத்து வெட்டுகிறவன் மருதுவின் வாரிசு கிடையாது. மருதுவின் அறிக்கை எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் விடுத்த அழைப்பு என்று முன்னே சொன்னேனே, அதற்காகத்தான். அடைக்கலம் தேடி வந்தவனுக்காக உயிரைக் கொடுத்தவர் அவர். எண்ணைச் சொல்லிக் கூட்டம் சேர்ப்பவனுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

சரி, நாம என்ன செய்யலாம்? நம்ம ஆயர் ஈத்தாமிலிருந்து டவுனுக்குப் போற வழியில், டத்தோ கிராமட் பக்கம் ஜாலான் பெஞ்சாரா இருக்கு. 1849-இல் கட்டிய சிறை இன்னும் அங்கே நிற்குது. அதற்குள்ளே நம்ம பிள்ளைகளும் இருக்காங்க. வெளியே வரும்போது அவங்க நெற்றியில் பச்சை குத்தியிருக்காது. ஆனா நம்ம வாயால் அதைக் குத்துகிறோம். அந்தப் பையனோட சேராதே, அவன் உள்ளே போயிட்டு வந்தவன் என்று சொல்லும்போது அதைத்தான் செய்கிறோம்.

செய்த தப்புக்குத் தண்டனை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. தண்டனை முடிந்தபின் கதவைத் திறக்க வேண்டியது நாம். கோவில் திருவிழாத் தொண்டில் ஒரு வேலை கொடுங்க. கால்பந்துக் குழுவில் சேர்த்துக்குங்க. தெரிந்த முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க. உள்ளே இருக்கிறவனுடைய தாயைப் போய்ப் பாருங்க, ஒரு கடிதம் எழுத உதவுங்க.

துரைச்சாமியின் கடிதத்தை எடுத்துப் போக அன்று இந்தத் தீவில் ஆள் கிடைக்கவில்லை. இன்று நாம் இத்தனை பேர் இருக்கிறோம்.