ஸ்ட்ரௌஜரின் இயந்திரத்தை யார் வாங்கினார்கள்?

பிஎஸ்என்எல் தனது 4ஜி வலையமைப்புக்கான கருவிகளை டாடா கன்சல்டன்சி, தேஜஸ், சி-டாட் கூட்டமைப்பிடம் வாங்க 2023-இல் ஆணை வழங்கியது. ஏன் அவர்களிடம் என்று சோளிங்கரில் எவரும் கேட்டு நான் அறியேன். சிக்னல் எப்போது சீராகும் என்பதே இங்குள்ள கேள்வி. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை எனக்கு உணர்த்தியது அல்மன் ஸ்ட்ரௌஜர் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கை.

1839-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அவர், உள்நாட்டுப் போரில் குதிரைப்படை வீரராக இருந்தார், பின்னர் ஆசிரியரானார், முடிவில் கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்யும் தொழிலில் அமர்ந்தார். போட்டியாளரின் உறவுப்பெண் இணைப்பகத்தில் இருந்துகொண்டு, தமக்கு வரும் அழைப்புகளைத் திசைதிருப்புவதாக அவர் ஐயுற்றார் என்பது வழிவழியாக வரும் கதை. மெருகேறிய கதையாக இருக்கலாம். ஆனால், தோல் விலை கேட்கச் சென்னைப் பெரியமேட்டுக்கு டிரங்க் கால் பதிந்து காத்திருந்த எங்கள் பகுதி வியாபாரிகளுக்கு அந்த ஐயம் எளிதில் விளங்கும். இணைப்பவருக்கும் காது உண்டல்லவா?

இணைப்பவரே தேவைப்படாத இயந்திரத்துக்கு ஸ்ட்ரௌஜர் 1891 மார்ச் 10 அன்று காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு நவம்பரில், இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற சிற்றூரில் அது வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது.

பெல் நிறுவனம் அதை வாங்கவில்லை. கருவிகள் செய்து தரும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக், 1881 முதல் பெல்லின் சொந்த நிறுவனம். தன் பட்டறை இருக்க வெளியாரிடம் ஏன் செல்ல வேண்டும்? பெருநகரங்களுக்கு இந்த இயந்திரம் போதாது என்ற தொழில்நுட்பக் காரணமும் இருந்தது; அதைப் பொய்யென்று நான் தள்ளமாட்டேன். பெல்லின் அடிப்படைக் காப்புரிமைகள் 1893, 1894-இல் காலாவதியான பின் முளைத்த சிறு நிறுவனங்களுக்கோ அப்படிப்பட்ட பட்டறை இல்லை. இரவிலும் பகலிலும் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க இயலாத அவர்களில் பலர் ஸ்ட்ரௌஜரின் இயந்திரத்தை நாடினர்.

அந்த வளர்ச்சியின் பயன் அவருக்குக் கிட்டவில்லை. 1896-இல் காப்புரிமைகளை 1,800 டாலருக்கும், 1898-இல் பங்கை 10,000 டாலருக்கும் விற்றுவிட்டு, 1902-இல் புளோரிடாவில் காலமானார். பெல் 1919-இல்தான் வர்ஜீனியாவின் நார்போக்கில் அம்முறையை நிறுவியது. 1948-இல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி.ஐ., லிவர்ப்பூல் நிறுவனமொன்றின் உடன்பாட்டோடு அதே வகை இணைப்பகங்களைத் தயாரித்தது. அரசே தயாரித்தது, அரசுத் துறையே வாங்கியது. தொலைபேசிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சந்தாதாரருக்கு வேறு கடை இல்லை.

இன்று, நம்பகமான மூலத்திலிருந்தே கருவி வாங்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2021 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. உள்நாட்டுக் கருவி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், பெல்லும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கும் போல வாங்குபவரும் விற்பவரும் நெருங்கி நிற்கும்போது, ஒவ்வொரு கோபுரமும் மாதத்தில் எத்தனை மணி நேரம் செயலிழந்தது என்ற கணக்கை பிஎஸ்என்எல் ஊர்வாரியாக வெளியிட வேண்டும். சோளிங்கர் கணக்கை முதலில் பார்க்க விரும்புவோரில் நானும் ஒருவன்.