போன் கண்டுபிடிச்சவர் வீட்டுல போன் கேட்காது!

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் கிரகாம் பெல் என்று ஜி.கே. புக்கில் படிச்சிருப்பீங்க. ஆனா அவர் தொழில் என்ன தெரியுமா? காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்!

பெல் 1847-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். அம்மா எலிசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. வீட்டில் மற்றவர்கள் பேசுவதை விரல் எழுத்துகளால் அம்மாவுக்குச் சொல்வது பெல்லின் வேலை. அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலிலும் பேசுவாராம்.

1871-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் காது கேளாதோர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். 5 வயதில் காய்ச்சலால் காது போன மேபல் இவரிடம் படித்தவர். 1877-ல் அவரையே மணந்தார். அதற்கு முந்தின வருஷம்தான் டெலிபோன் பேசியது. ஊரெல்லாம் அதிசயமா கேட்டது. மனைவி மட்டும் கேட்க முடியலை.

ஹெலன் கெல்லருக்கு டீச்சர் கிடைக்க வழிகாட்டியவரும் இவரே.

ஆனா ஒரு விஷயத்துல அவர்மேல எனக்கு வருத்தம். சைகை மொழி வேண்டாம், வாயாலேயே பேசிப் பழகணும்னு பிடிவாதமா இருந்தார். 1880-ல் இத்தாலியின் மிலன் மாநாட்டிலும் இதே தீர்மானம்தான். அப்புறம் பல நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் கையை ஆட்டவே தடை! அது தப்பு என்று வான்கூவர் மாநாட்டில் வருத்தம் தெரிவித்தது 2010-ல். 130 வருஷம் ஆச்சு!

1922-ல் பெல் இறந்தார். அடக்கத்தின்போது அமெரிக்கா, கனடாவில் போன்கள் ஒரு நிமிஷம் நிறுத்தப்பட்டன.

இப்போ நம்ம பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாப்பிலேயே காது கேளாத அண்ணன்கள் வீடியோ கால் போட்டு, ஒரு கையில் போன், இன்னொரு கையில் பேச்சுன்னு பேசிக்கிறாங்க. நெட் மட்டும் நிக்காம இருக்கணும்.