மானின் கண்ணால் பார்த்த ஓவியர்

விலங்குகளை மனிதன் எவ்வாறு காண்கிறான் என்பதையே ஓவியர்கள் நெடுங்காலம் தீட்டிவந்தனர். மான் இவ்வுலகை எவ்வாறு காணும் என்று வினவியவர் ஃப்ரான்ஸ் மார்க்.

1880இல் ஜேர்மனியின் மியூனிச் நகரில் ஓர் ஓவியருக்கு மகனாகப் பிறந்தார். பெர்லின் மிருகக்காட்சிச்சாலையில் நெடுநேரம் நின்று விலங்குகளை வரைந்தார். அவற்றின் உடற்கூற்றை மாணவர்க்குக் கற்பித்தும் வந்தார். ஆகவே, 1911இல் அவர் குதிரைக்கு நீலவண்ணம் பூசியது அறியாமையால் அன்று. விலங்கின் உள்ளியல்பையே அவ்வண்ணத்தில் அவர் கண்டார். பின்னர் கிராமத்தில் வீடு வாங்கி, மான்களையும் வளர்த்தார்.

1913இல் 'விலங்குகளின் விதி' என்ற பேரோவியத்தைத் தீட்டினார். காடு சரிந்து எரிய, நீலமான் ஒன்று கழுத்தை மேலே உயர்த்தி நிற்கிறது. மறு ஆண்டே போர் மூண்டது. ஐரோப்பாவை அது தூய்மைப்படுத்தும் என நம்பி, இம்மென்மையான மனிதரும் விரும்பிப் படையிற் சேர்ந்தார் என்பது கசப்பான உண்மை. களத்தில் அந்நம்பிக்கை கரைந்தது. 1916 மார்ச் 4ஆம் நாள், வேர்டன் போர்முனையில் எறிகணைச் சிதறல் பட்டு மாண்டார். வயது 36.

அவர் மறைந்தபின் அவ்வோவியத்தின் வலப்புறம் தீயில் கருகியது. நண்பர் போல் கிளே 1919இல் அப்பகுதியை மங்கிய பழுப்பு வண்ணத்தில் மீளத் தீட்டினார். நாஜிகள் சீரழிந்த கலையென ஒதுக்கி விற்க, 1939இல் அது சுவிஸின் பாசல் நகரக் கலைக்கூடத்தை அடைந்தது. அந்நகரில் வாழும் வாசகர்கள் ஒருமுறையேனும் சென்று பார்க்கவேண்டும். எரிந்த பகுதி எதுவென்பது பார்த்தவுடனேயே புலப்படும்.