அறுபது கோல் அடித்த டிக்ஸி டீன்

மேர்சி நதியின் ஒரு கரையில் லிவர்ப்பூல் மாநகர். எதிர்க்கரையில் கப்பல் கட்டுந் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த பேர்க்கன்ஹெட் பட்டினம். அப்பட்டினத்திலே, புகையிரதப் பகுதியில் வேலைபார்த்த ஒருவரின் மகனாக, 1907ஆம் ஆண்டு சனவரி 22ஆந் திகதி வில்லியம் றால்ப் டீன் பிறந்தார். தகப்பனாரைப் போலவே தாமும் புகையிரதப் பகுதியிற் சேர்ந்து தொழில் பழகினார். ஆனால் மனமெல்லாம் உதைபந்தின் மேலேயே இருந்தது. பதினாறு வயதில் ஊர்க் கழகமான திறன்மியர் றோவேர்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே 30 ஆட்டங்களில் 27 கோல் அடித்த அவரை, 1925ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நதிக்கு அப்பாலுள்ள எவேட்டன் கழகம் 3,000 பவுண் கொடுத்து வாங்கியது.

வாங்கியது என்பது வெறும் பேச்சு வழக்கன்று. அப்பணம் கழகத்திலிருந்து கழகத்துக்குச் செல்வது. ஆட்டக்காரருக்கோ, பருவகாலத்தில் வாரத்துக்கு 8 பவுணும் கோடையில் 6 பவுணுமே ஆகக் கூடிய சம்பளமென லீக் சங்கம் 1922இல் விதித்திருந்தது. எத்தனை கோல் அடித்தாலும், எத்தனை ஆயிரம்பேர் சீட்டு வாங்கி வந்தாலும், அவ்வரம்பைத் தாண்ட முடியாது. டீனுடைய வாழ்வை அறிய விரும்புவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அவரது கரிய சுருண்ட முடியைக் கண்டு சனங்கள் “டிக்ஸி” என்று அழைத்தனர் என்பர். அவருக்கு அப்பெயர் சிறிதும் பிடிக்கவில்லை. நண்பர்கள் பில் என்றே கூப்பிட்டனர். உலகமோ அவர் விரும்பாத பெயரையே நிலைக்கச் செய்துவிட்டது.

1926ஆம் ஆண்டுக் கோடையில் வட வேல்ஸிலே அவர் ஓட்டிச் சென்ற மோட்டார்ச் சைக்கிள் விபத்துக்குள்ளாயிற்று. மண்டையோடும் தாடையும் முறிந்தன. நினைவிழந்து கிடந்த அவர் பிழைப்பாரா என்பதே ஐயமாயிருந்தது; இனிப் பந்தாடுவார் என வைத்தியர்கள் எண்ணவில்லை. அதே ஆண்டு ஒக்தோபரில் அவர் மைதானத்தில் நின்றார். தலையாலடிப்பதே அவரது தலைசிறந்த வித்தை என்பதை எண்ணுமிடத்து இது எத்துணைத் துணிவு! மழை நாளில் நீரூறிக் கனத்த தோற்பந்து அது. முறிந்த தலைக்குள் உலோகத் தகடு இருப்பதாற்றான் பந்து அவ்வளவு வேகமாய்ப் பாய்கிறது என்றொரு வேடிக்கைக் கதையும் பரவிற்று. உண்மையில் உலோகமுமில்லை, பெரிய உயரமுமில்லை. ஆறடிக்குக் குறைந்தவரே. எதிரி பாயுமுன் எந்தக் கணத்திற் கிளம்புவது என்பதை அறிந்திருந்தார்.

1927-28ஆம் ஆண்டுப் பருவமே அவர் புகழின் உச்சி. முந்திய பருவத்தில் மிடில்ஸ்புறோ கழகத்து ஜோர்ஜ் கம்செல் இரண்டாம் பிரிவில் 59 கோல் அடித்துப் புதுச் சாதனை நாட்டியிருந்தார். இரண்டே ஆட்டங்கள் எஞ்சியிருக்க, டீனுக்கு 53. பேண்லி கழகத்துக்கெதிராக நான்கு. 1928 மே 5ஆந் திகதி கூடிசன் பார்க்கில் ஆர்சனலுடன் இறுதியாட்டம். எவேட்டன் ஏற்கெனவே லீக் வெற்றியை உறுதிப்படுத்திவிட்டமையால், சனங்கள் காண வந்தது ஒரு மனிதனுடைய கணக்கையே. முதலில் ஆர்சனல் ஒரு கோல் அடித்தது. டீன் உடனே ஈடு செய்தார், பின்னர் தண்டனை உதையால் மற்றொன்று, 59. அதன்பின் நேரம் ஓடிற்றேயன்றிக் கோல் வரவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், அலெக் துறூப் மூலையிலிருந்து உதைத்த பந்தை டீன் தலையாலடித்து வலைக்குட் செலுத்தினார். ஆர்சனல் ஈற்றிற் சமன் செய்து 3-3 ஆக்கியதை எவர் பொருட்படுத்தினார்? 39 ஆட்டங்களில் 60 கோல்!

1925இல் ஒவ்சைட் விதி தளர்த்தப்பட்டதனாலேயே இது முடிந்தது என்று சிலர் குறைத்துக் கூறுவர். முன்னர் கோலுக்கும் முன்வீரனுக்குமிடையே மூன்று எதிரிகள் இருத்தல் வேண்டும். பின்னர் இருவர் போதும். கோல்கள் பெருகியது மெய்யே. ஆயினும் அவ்விதி எல்லாருக்கும் பொதுவாயிருந்ததல்லவா? முதற் பிரிவில் வேறெவரும் அறுபதை எட்டவில்லை.

1930இல் எவேட்டன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று. டீன் கழகத்தை விட்டு நீங்கவில்லை. 1931இல் இரண்டாம் பிரிவு, 1932இல் முதற்பிரிவு, 1933இல் எவ்.ஏ. கிண்ணம் என மூன்றாண்டில் மூன்று வெற்றிகள். வெம்பிளியில் மன்செஸ்ரர் சிற்றியை 3-0 என வென்ற அவ்விறுதியாட்டத்திலேதான் அப்போட்டியின் இறுதியாட்ட வீரர் முதன்முதலாக இலக்கமிட்ட சட்டை அணிந்தனர். தலைவர் டீனுக்கு 9. இங்கிலாந்துக்காக 16 ஆட்டங்களில் 18 கோல். பாதுகாப்பு வீரர் கால்களை வெட்டி வீழ்த்திய அக்காலத்திலும், ஒரு தடவையாவது நடுவரால் வெளியேற்றப்பட்டவரல்லர்.

1936ஆம் ஆண்டின் முடிவில் தொம்மி லோட்டன் என்னும் பதினேழு வயதுப் பையன் எவேட்டனுக்கு வந்தான். தம் இடத்தைப் பிடிக்கவே அவன் வந்தான் என்பது டீனுக்குத் தெரியும். தெரிந்தும், தலையாலடிக்கும் நுட்பத்தைத் தாமே கற்பித்தார். எல்லா ஆட்டங்களையும் சேர்த்து எவேட்டனுக்கு 383 கோல் அடித்தவரை 1938இல் நொற்ஸ் கவுண்டி கழகத்துக்கு விற்றனர். விலை அதே 3,000 பவுண். தக்கதொரு பிரியாவிடையும் இல்லை. அடுத்த ஆண்டு அயர்லாந்தின் சிலைகோ றோவேர்ஸில் விளையாடிக் கிண்ண இறுதியாட்டம்வரை சென்றார். பின்னர் யுத்தம் மூண்டது.

யுத்தத்தின்பின் செஸ்ரர் நகரில் மதுச்சாலை நடத்தினார். அதன்பின் லிவர்ப்பூலில் ஒரு கம்பனியில் சிற்றூழியரானார். ஆட்டக்காரருக்கான சம்பள வரம்பு 1961இல் நீங்கியபோது அவருக்கு வயது 54. 1964இல்தான் கூடிசன் பார்க்கில் அவருக்காக உதவி ஆட்டம் நடத்தினர். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 1976இல் வலது கால் அகற்றப்பட்டது. 1980 மார்ச்சு முதலாந் திகதி, எவேட்டனும் லிவர்ப்பூலும் பொருதுவதைக் காணச் சென்றிருந்த அவர், தாம் அறுபதாவது கோலை அடித்த அந்த மைதானத்திலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார்.