வேலையை முதலில் கண்டவர்: சகோதரி சுப்பலட்சுமி

நம் ஊர் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீட்டை நீங்கள் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில்தான் இருந்தார். பெண்கள் படிக்க வேண்டும், வெளியே வர வேண்டும் என்று அவர் இங்கே எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சென்னையில் ஓர் இளம்பெண் அதை ஒரு சின்ன வீட்டில் செய்து காட்டிக்கொண்டிருந்தார். கதையாக அல்ல, மாதச் சம்பளமாக. இந்த இதழில் அவரைப் பற்றிச் சொல்கிறோம்.

சுப்பலட்சுமி 1886 ஆகஸ்ட் 18ஆம் தேதி மயிலாப்பூரில் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர். 11 வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தலையை மழித்துவிடுவார்கள். நல்ல காரியத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பி நடப்பார்கள். ஆறாம் வகுப்பு படிக்கிற வயதுப் பிள்ளைக்கு இந்தத் தண்டனை.

அவருடைய பெற்றோர் அந்த வழியில் போகவில்லை. உறவினர் பேச்சைத் தாங்கிக்கொண்டு மகளை முதலில் வீட்டிலும் பிறகு கான்வென்ட்டிலும் படிக்க வைத்தார்கள். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள்.

தான் தப்பித்தது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. இங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. அப்போது பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகள் இருந்தன, ஆனால் சொல்லிக்கொடுக்கப் பெண் ஆசிரியர்கள் போதவில்லை. ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்பப் பல குடும்பங்கள் தயங்கின. இன்னொரு பக்கம், வாழ்நாள் முழுக்க ஒரு மூலையில் உட்கார வேண்டிய நூற்றுக்கணக்கான இளம் விதவைகள். இந்த இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்தார். கல்வித் துறையில் பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரோப்பியப் பெண்மணிக்கும் இதே கவலை இருந்ததால் அரசின் உதவி கிடைத்தது.

இன்று நாம் என்ன செய்கிறோம்? தையல் வகுப்பு, அழகுக்கலை வகுப்பு, கணினி வகுப்பு என்று நடத்துகிறோம். கடைசி நாளில் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் அந்தப் பெண் எங்கே வேலைக்குப் போவாள் என்பது பெரும்பாலும் அவள் பாடு. சுப்பலட்சுமி முதலில் வேலையைக் கண்டுபிடித்தார். பயிற்சி அதற்குப் பிறகுதான்.

1912இல் எழும்பூர் வீட்டில் நான்கு இளம் விதவைகளுடன் விடுதி தொடங்கியது. சமையலையும் வீட்டையும் கவனித்தவர் சித்தி வாலாம்பாள், அவரும் விதவை. சமையலுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆசாரம் கெடாத சாப்பாடு என்றால்தான் அந்தப் பெண்களின் வீட்டார் அனுப்பச் சம்மதிப்பார்கள். வாசலில் எது தடுக்கிறது என்று பார்த்து அதை முதலில் எடுத்தார்கள், அவ்வளவுதான். வந்தவர்களில் பலர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். பள்ளிப் பாடம், தேர்வு, அதன்பின் ஆசிரியர் பயிற்சி என்று ஆண்டுகள் ஓடின. அதுவரை அவர்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இடம் போதாமல் விடுதி மெரினா கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்குப் போனது. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. விவேகானந்தரும் அங்கே தங்கியிருக்கிறார். ஊரார் ஏச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே படித்துப் போன பெண்கள் ஆசிரியைகளாகச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு, அடுத்த குடும்பத்தைச் சம்மதிக்க வைக்க அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். அப்படி இல்லாவிட்டால் அந்தக் குடும்பங்கள் அனுப்பியிருக்காது என்று வாதிடலாம். ஆனாலும் அதே துயரத்தில் இருந்த மற்ற பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கி, அவரே முதல்வரானபோது வட்டம் பெரிதானது. வயது கூடிய பெண்களுக்காக 1927இல் சாரதா வித்யாலயம் வந்தது. கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினார்.

அரசு ஊழியர் என்பதால் இயக்கங்களில் சேர அவருக்குத் தடை இருந்தது. இருந்தும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தார். அந்தச் சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்தது.

ஓய்வுக்குப் பிறகு தாம்பரத்துக்குப் பக்கத்தில் மாடம்பாக்கம் கிராமத்துப் பெண்களிடம் போனார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1958இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி அன்று காலமானார்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போனால் மெரினாவில் சற்று நில்லுங்கள். ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் இருக்கிறது. வெலிங்டன் கல்லூரியும் அதே கடற்கரைச் சாலையில்தான்.