முகம் வரையாமல் திருப்பாடுகளை வரைந்தவர்

பாடுபட்ட சுரூபத்தையும் அன்னை மரியாவின் படத்தையும் பார்த்துச் செபித்துப் பழகியவர்கள் நாம். உருவமே இல்லாத ஓவியத்தின் முன் நின்றால் நமக்குச் சற்றுக் குழப்பம்தான். வெறும் கோடுகளும் வண்ணங்களும் செபமாக முடியுமா? பிரெஞ்சு ஓவியர் ஆல்ஃபிரட் மனேசியரின் வாழ்வு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

இவர் 1911ஆம் ஆண்டு வட பிரான்சின் சோம் பகுதியில் பிறந்தார். சோம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கடல்நீர் வடிந்த ஈர மணலில் மின்னும் ஒளியைச் சிறுவயதிலேயே வரைந்து பார்த்தவர். பாரிசில் கட்டடக்கலை படிக்கச் சென்றார். மனமோ லூவர் அருங்காட்சியகத்தின் ரெம்பிராண்ட் ஓவியங்களிலேயே இருந்தது.

1943இல் பிரான்சு ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. அப்போது எழுத்தாளரான நண்பர் ஒருவருடன் சொலிஞ்ஞி ஊரிலுள்ள டிராப்பிஸ்ட் துறவு மடத்தில் சில நாள்கள் தங்கினார். விசுவாசத்தை விட்டு விலகியிருந்த மனிதர் அவர். துறவிகளின் மௌனமும், நாள் முடிவில் அவர்கள் பாடிய சால்வே ரெஜினாவும் அவரை ஆட்கொண்டன. நாம் செபமாலை முடிவில் சொல்லும் கிருபை தயாபத்து செபம்தான் அது! மீண்டும் விசுவாசியாகத் திரும்பிய அவர், 1945இல் அப்பாடலின் பெயரிலேயே ஓர் ஓவியம் தீட்டினார்.

அதன்பின் திருப்பாடுகளும் உயிர்ப்பும் அவருடைய தூரிகையை விடவில்லை. அவரது ‘முள்முடி’ ஓவியத்தில் இயேசுவின் திருமுகம் இல்லை. கூரிய கோடுகளின் பின்னல் மட்டுமே உண்டு. வேதனைக்கு முகம் வரைந்தால் நாம் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். முள்ளை மட்டும் வரைந்தால் அது நம்மைக் குத்துகிறது. நமக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சுவிட்சர்லாந்து எல்லைக்கு அருகிலுள்ள லே பிரேசே என்ற சிற்றூரின் பழைய ஆலயத்துக்கு 1948 முதல் 1950 வரை வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை அமைத்தார். பழைமையான ஆலயம் ஒன்றில் உருவமற்ற கண்ணாடிகள் இடம்பெற்றது பிரான்சில் அதுவே முதல்முறை. 1962இல் வெனிஸ் கலைவிழாவின் ஓவியத்துக்கான பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது.

பரிசுகளுக்குப் பிறகும் அவர் கண்கள் துன்புறுவோர் பக்கமே திரும்பின. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது அவருக்கு அஞ்சலியாக ஓவியம் தீட்டினார். ஏழைகளின் பேராயர் எனப்பட்ட பிரேசில் நாட்டு ஹெல்டர் கமாராவுக்கும் ஓர் ஓவியத்தைக் காணிக்கையாக்கினார்.

அவரது சொந்தப் பகுதியான அப்வில் நகரின் திருக்கல்லறை ஆலயம் 1940இல் குண்டுவீச்சில் கண்ணாடிகளை இழந்திருந்தது. எழுபது வயதைத் தாண்டிய மனேசியர் 1982இல் அப்பணியை ஏற்றார். பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்து 1993இல் முடித்தார். அதே ஆண்டு சாலை விபத்தில் படுகாயமடைந்து, ஆகஸ்டு முதல் நாள் இறந்தார். சோம் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.