கிளாரா பார்ட்டன் அம்மையார்: தியாகமும் கணக்கும்

பொதுஜன சேவைக்கென ஏற்படும் ஸ்தாபனங்களுக்கு விரோதிகளால் மட்டுமே கேடு வருவதில்லை. தம்மைப் பெற்று வளர்த்தவர்களின் அளவு கடந்த பற்றினாலும் அவை இடருறுவதுண்டு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை ஸ்தாபித்த கிளாரா பார்ட்டன் அம்மையாரின் ஜீவிய சரித்திரம் இதற்குத் தக்க சான்று என்பது நமது அபிப்பிராயம்.

இவர் 1821-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் பிறந்தார். இளம்பிராயத்திலேயே உபாத்தியாயர் தொழிலை மேற்கொண்டு, 1852-ல் நியூ ஜெர்ஸியிலுள்ள பார்டன்டவுனில் ஓர் இலவசப் பாடசாலையை நிறுவினார். பள்ளிக்கூடம் செழித்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்ததும், ஊரார் அதன் தலைமையை ஓர் ஆடவருக்கு, இவரினும் அதிகமான சம்பளத்தில், அளித்தனர். மனம் நொந்த அம்மையார் அவ்வேலையை விட்டு வாஷிங்டன் சென்று, 1854-ல் பேடெண்ட் காரியாலயத்தில் ஆடவர்க்குச் சமமான சம்பளத்தில் குமாஸ்தாவானார். மேலதிகாரிகளுக்கு அதுவும் பொறுக்கவில்லை. வார்த்தைகளை எண்ணிக் கூலி கொடுக்கும் நகலெழுதும் வேலைக்கு அவரைத் தாழ்த்தினர். உழைப்பவர்க்கு இழைக்கப்படும் அநீதி எத்தகையதென்பதை இவ்வாறு அவர் அனுபவத்தில் அறிந்தார்.

1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, மருந்தும் துணியும் உணவும் சேகரித்து, பீரங்கிக் குண்டுகள் விழும் யுத்த களங்களுக்கே கொண்டு சென்றார். யுத்தம் முடிந்த பின்னர், காணாமற்போன போர்வீரர்களைத் தேடும் பணியை ஏற்று, 63,000-க்கு மேற்பட்ட கடிதங்களுக்கு விடையளித்து, 22,000-க்கு மேற்பட்டவர்களின் கதியை உற்றாருக்கு அறிவித்தார். 1869-ல் ஐரோப்பா சென்றவிடத்தில் செஞ்சிலுவை இயக்கத்தைப் பற்றி அறிந்து, நாடு திரும்பி இடைவிடாது முயன்று, 1881-ல் அமெரிக்கச் சங்கத்தை நிறுவினார். மறு வருஷம் அமெரிக்க அரசாங்கம் ஜினீவா உடன்படிக்கையை ஏற்றது.

1889-ல் ஜான்ஸ்டவுனில் அணை உடைந்து 2,200-க்கு மேற்பட்டோர் மாண்டபோது, 67 வயதான அம்மையார் மாதக்கணக்கில் அங்கேயே தங்கி நிவாரணம் புரிந்தார். 1898-ல் கியூபா யுத்தத்திலும், 1900-ல் கால்வெஸ்டன் புயற்சேதத்திலும் அவரை நேரிற் கண்டனர். இத்தகைய தொண்டை எவ்வளவு புகழினும் தகும்.

ஆயினும் சங்கம் நடந்த விதத்தையும் நாம் மறைத்தல் கூடாது. கிளென் எக்கோ என்னுமிடத்தில் அம்மையார் வசித்த வீடே 1897 முதல் சங்கத்தின் தலைமைக் காரியாலயம். நிவாரணப் பொருள்களின் கிடங்கும் அதுவே. ஊழியர்கள் உண்டு உறங்கியதும் அங்கேதான். தாம் சம்பளம் பெறாமல் சொந்தப் பணத்தையும் செலவிட்ட அவர், பிறரிடமும் அதே தியாகத்தை எதிர்பார்த்தார். சங்கத்தின் பணம் எது, தம் பணம் எது என்று பிரித்துக் காட்டும் ஒழுங்கான கணக்கு இல்லை. சமசம்பளத்திற்காக அன்று போராடிய குமாஸ்தா, தலைவரான பின் தம் ஊழியர்களின் வேலைக்கு ஒரு வரையறை வகுக்கத் தவறியது விசித்திரமே.

1902-ல் விதிகள் திருத்தப்பட்டு அம்மையார் ஆயுட்காலத் தலைவரானார். மேபல் போர்ட்மன் என்னும் சீமாட்டியும் அவரைச் சேர்ந்தவர்களும் இதை எதிர்த்து, கணக்குகளைப் பற்றிக் கேள்வி எழுப்பினர். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சங்கத்திலிருந்து தம் பெயரை விலக்கிக்கொண்டார். விசாரணையில் அம்மையார் மீது குற்றம் எதுவும் ருஜுவாகவில்லை. எனினும் மனமுடைந்து 1904-ல் பதவி துறந்தார். 1905-ல் பிறந்த புதிய சாஸனம், சங்கத்தின் கணக்கை யுத்த இலாகா வருஷந்தோறும் தணிக்கை செய்ய வேண்டுமென விதித்தது. அம்மையாரோ சோர்ந்துவிடாமல் முதலுதவி போதிக்கும் வேறொரு சங்கத்தைக் கண்டு, 1912-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி, 90-வது வயதில் காலமானார்.

அவரை நீக்கியவர்கள் நடந்துகொண்ட முறையில் கருணை குறைவு என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. தன்னலமற்றவரிடம் கணக்குக் கேட்பது அவமதிப்பாகாது. உண்மையில் அது அவருக்குக் கவசமாகும். கணக்கு தெளிவாயிருந்திருந்தால் அம்மையார் மீது பழி சுமத்த எவர்க்கு நா எழும்? தொண்டரின் தியாகம் அவர் மனமுவந்து அளிக்கும் கொடை. அதைச் சங்கம் உரிமையாகக் கொண்டு, வேளையும் வேதனமும் வரையறுக்காமல் வேலை வாங்குமாயின், துன்பம் துடைக்க வந்த ஸ்தாபனமே துன்பம் செய்ததாகும்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் ஒவ்வொருவரும் தத்தம் சங்கத்தின் கணக்குப் புஸ்தகத்தை இன்றே ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. தலைவரின் இல்லமும் சங்கத்தின் காரியாலயமும் வெவ்வேறாக இருக்கட்டும். அப்பொழுதுதான் தலைவர் மறைந்த பின்னரும் சங்கம் நிலைத்து நிற்கும்.